ஐஸ் விழாத பெட்டியும் அடித்து வைத்த ஆணியும்

ஃபிரிட்ஜ் என்கிற ஐஸ் பெட்டியைப் பழுதுபார்க்கிறவன் வாசலில் வேனை நிறுத்தியதும், மூன்று நாளாகச் செத்துக் கிடந்த பெட்டி ஓட ஆரம்பித்துவிடும். அவன் திரும்பிப் போய் முச்சந்தியைத் தாண்டியதும் மறுபடி நின்றுவிடும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ரேடியோ, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் என்று எதையாவது கழற்றி மாட்டி வயிறு வளர்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் படித்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு ஐஸ் பெட்டிக் கடையில் எனக்கு வேலை. முதலாளி லோ. சீன முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பழுது பார்க்க இரண்டே பேர், நானும் ஆ செங்கும். ஆ செங்கின் அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர். அதனால் ஆ செங் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவான், எந்தச் சொல் எங்கே போக வேண்டும் என்ற கவலையே இல்லாமல். தானாக ஐஸ் போடும் பெரிய அமெரிக்கப் பெட்டிகள் வசதியான வீடுகளுக்கு வந்துசேர்ந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரைகள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை யாரிடமாவது தள்ளிவிட்டுப் போவார்கள். பெட்டியோடு அதன் நோயும் கைமாறும். அந்த நோய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கத்தான் தவுக்கே எங்கள் இருவரையும் வைத்திருந்தார்.

ஆணி

ஒரு நாள் காலையில் தவுக்கே கடைச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகையை மாட்டினார். பெட்டி செய்கிற கம்பெனி சிங்கப்பூரில் மூன்று மாதம் பயிற்சி கொடுக்கப் போகிறதாம். கடைக்கு ஓர் ஆள். முடித்து வந்தால் பெயர் அச்சடித்த சான்றிதழ் உண்டு. யார் போவது என்பதைக் கரும்பலகை சொல்லும் என்றார். பழுது பார்த்த பெட்டி மறுபடி நின்று, வாடிக்கைக்காரர் கடைக்குப் போன் செய்தால், பார்த்தவன் பெயருக்கு நேரே சிவப்புச் சாக்கட்டியில் ஒரு பெருக்கல் குறி. தீபாவளிக்கு முதல் நாள் யாருக்குக் குறி குறைவோ அவன் கப்பல் ஏறலாம். சிங்கப்பூருக்கு யாரும் கப்பலில் போவதில்லை, ரயிலில்தான் போவார்கள். ஆனால் தவுக்கே அப்படித்தான் பேசுவார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது, என் படிப்பு அங்கேயே தங்கிவிட்டது. பிறப்புப் பத்திரத்தைத் தவிர என் பெயர் போட்ட தாள் எதுவும் என்னிடம் கிடையாது. அதிலும் சுப்பையா என்பதைச் சுப்பாயி என்று பெண் பெயராக எழுதி வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு தாளுக்கு இப்படி ஆசைப்படுவேன் என்று நானே நினைக்கவில்லை. குனோங் ராபாட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் போய், என் மனைவி ராஜம்மாவிடம் சொன்னேன். அவள் என் பையிலிருந்தே சுத்தியலை எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணியை அடித்தாள். வீட்டுக்காரன் திட்டுவான் என்றேன்.

"சர்ட்டிபிகேட் மாட்டுனா திட்ட மாட்டான். ஆணி அடிச்சாச்சு, இனிமே உங்க பாடு."

மீன் பொட்டலம்

சிம்பாங் பூலாயில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் ஐஸ் விழவில்லை என்று போன். போனேன். இந்த ஐஸ் மெஷின் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீர் ஒரு சின்ன வால்வு வழியாக ஏறி ஓர் அச்சில் நிரம்பும். உறைந்ததும் ஒரு குட்டி மோட்டார் சுற்றி, ஐஸைக் கீழே தொட்டியில் தள்ளும். தொட்டிக்கு மேலே வளைந்த கம்பி ஒன்று கை நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்து ஐஸ் அந்தக் கம்பியைத் தூக்கினால், போதும் என்று மெஷின் நின்றுகொள்ளும். ஐஸ் குறைந்து கம்பி இறங்கினால் மறுபடி வேலை செய்யும். தூக்குவது ஐஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எது தூக்கினாலும் மெஷின் நம்பிவிடும். வாத்தியார் வீட்டில் தூக்கிக்கொண்டிருந்தது ஒரு மீன் பொட்டலம். மருமகன் லூமூட்டிலிருந்து கூடை நிறைய வாங்கி வந்ததை, இடம் இல்லாமல் அங்கே திணித்திருந்தார்கள்.

பொட்டலத்தை நகர்த்தினேன். கம்பி இறங்கியது. வேலை முடிந்தது. "எது தூக்குதுன்னு முதல்ல பாக்கணும் சார், அப்புறம்தான் மெஷின்" என்று கொஞ்சம் மிதப்பாகவே விளக்கம் சொன்னேன். வாத்தியார் முகம் விழுந்துவிட்டது. பழுதுபார்க்கிற துக்காங் வருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார் பாவம். வாத்தியார் என்னைச் சமையலறை ஓரமாக இழுத்து, காதில் சொன்னார்.

"ஒரு ஸ்குரூவாவது கழட்டி மாட்டிட்டுப் போங்க தம்பி. மீனை நகத்த ஆள் கூப்பிட்டேன்னு அந்த மனுசன் ஊரெல்லாம் சொல்லுவான்."

மலைத் தண்ணி

குனோங் ராபாட்டில் வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. குழாயிலும் பாதி மலைதான் வரும். கெண்டியில் தண்ணீரைச் சுடவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். ஐஸ் மெஷின் வால்வில் தீக்குச்சித் தலை அளவு ஒரு சல்லடை உண்டு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது, ஐஸும் கிடையாது. எங்கள் வரிசையில் நான்காவது வீட்டு நர்ஸ் அக்காவுக்கு அதைக் கழுவிக் கொடுத்தேன். மறுபடி அடைக்கும் என்று தெரியும். மறுபடி அடைத்து அவர் கடைக்குப் போன் செய்தால் எனக்குச் சிவப்புக் குறி விழும். அதனால் புத்திசாலித்தனமாக, "கடைக்குப் போன் பண்ணாதீங்க அக்கா, வீட்டுக்கே வந்து சொல்லுங்க" என்றேன்.

அப்படிச் சொன்னதை அந்த அக்கா வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். ஐஸ் மெஷின் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான், ஆனால் ஐஸ் பெட்டி ஏழெட்டு வீட்டில் இருந்தது. கதவு ரப்பர் பிய்ந்தவர், உள்ளே விளக்கு எரியாதவர், வாங்கிய நாளிலிருந்து ஏதோ வாடை வருகிறது என்பவர், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நின்றார்கள். வாரம் முழுக்கத் தூக்கிச் சுமந்துவிட்டு அந்த ஒரு நாள்தான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன். கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்த நேரத்தில் நர்ஸ் அக்காவே வந்து நின்றார். என் தட்டைப் பார்த்துப் பரிவோடுதான் சொன்னார்.

"நல்லா சாப்பிட்டு முடிங்க தம்பி, அவசரமே இல்ல. நான் இங்கேயே நிக்கிறேன் லா."

மூட்டை

ஆ செங்குக்கு இரண்டு சிவப்புக் குறி விழுந்தது ஒரே இடத்தில். ஸ்டேஷன் பக்கம் கோபால் அண்ணன் சாப்பாட்டுக் கடையில் ஆள் உயரத்துக்கு ஓர் ஐஸ் மெஷின் இருந்தது. மத்தியானம் கூட்டம் வந்து எல்லோரும் ஐஸ் தண்ணி கேட்கும் நேரம் பார்த்து அது நின்றுவிடும். ஆ செங் போய் கேஸ் ஏற்றினான், ஒரு குறி. மறுபடி போய் பம்ப் மாற்றினான், இன்னொரு குறி. மூன்றாவது முறை அவன் தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான் மெஷினைத் தொடவே இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மெஷினின் முதுகில் சூடு வெளியேறும் இடத்தை மறைத்துக்கொண்டு வெங்காய மூட்டையும் மாவு மூட்டையும் கூரை வரை அடுக்கியிருந்தது.

ஆறு மூட்டையை நகர்த்திய பிறகு மெஷின் மூச்சு விட்டது. எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது. இதை ஏன் நீ பார்க்கவில்லை என்று ஆ செங்கைக் கேட்டேன். இரண்டு முறை வந்தபோதும் மூட்டைகள் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, ஓரமாகக் கிடந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துதான் பம்பை மாற்றியிருக்கிறான். நான் சிரித்தேன். பெயருக்கு நேரே ஒரு குறிகூட இல்லாதவன் சிரிக்கிற சிரிப்பு அது. அவனுக்குக் கோபம் வரவில்லை, சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"நான் மெஷின் பாக்க வந்தான் அண்ணே. மூட்டை யாரு பாக்கும்?"

பங்களா

ஆயர் தாவார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தாயிற்று. துரை பங்களாவில் இப்போது காவல்காரர் பெருமாள் மட்டும். மாதம் ஒருமுறை புதிய கம்பெனியின் அதிகாரிகள் வந்து தங்குவார்களாம். போன தடவை ஐஸ் கேட்டார்களாம், பெட்டி ரோசாக், கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டாராம். நான் சின்ன வயதில் இந்த மாதிரி பங்களா வாசல்படியை மிதித்தது கிடையாது. இப்போது முன்வாசல் வழியாக நுழைந்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. வேனில் வந்த தூரத்தில் இடுப்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தேன். ஐஸ் தொட்டி நிறையப் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொரு பையிலும் தாள்கள். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, குடியுரிமை கிடைக்காதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை. தொழிலாளர் லயத்தில் மிச்சம் இருந்த இருபது குடும்பத்தின் காகிதமும் அங்கே இருந்தது. பெட்டியின் வயரைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடி வைத்திருந்தார் பெருமாள்.

"பலகை வீடு தம்பி, எங்க வச்சாலும் கரையான் தின்னுருது. இந்தக் கதவுதான் ஒட்டி மூடுது" என்றார். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஐஸ் விழவில்லை என்று அதிகாரிகள் கடைக்குப் போன் செய்தால் குறி எனக்கு. ஐஸை விழ வைத்தால் இந்தத் தாள்களுக்கு இடம் கிடையாது. ஒரு தாளுக்காக வீட்டில் ஆணி அடித்து வைத்திருக்கிறவன் நான், அவ்வளவு தாள்களையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் இரும்புக் கருவிப் பெட்டி மூடி இறுக்கமாக மூடும். சாமான்களை ஒரு சாக்கில் கொட்டிக்கொண்டு பெட்டியை அவரிடம் கொடுத்தேன். ஒரு முக்காலியின் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய பால் டின்களில் நிறுத்தி, அதன் மேல் பெட்டியை வைத்தோம். பிறகு குழாயைத் திறந்து, வயரைச் சொருகி, மத்தியானம் வரை காத்திருந்தேன். முதல் ஐஸ் கடகடவென்று விழுந்தது. பெருமாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இரும்புப் பெட்டி மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உருகுனா இன்னொன்னு விழும் தம்பி. இது போனா எவன் குடுப்பான்?"

மீன் சாப்பிட்ட கை

ஈப்போவில் ஒரு வக்கீல் வீடு. செட்டிநாட்டுக் குடும்பம். வக்கீலின் மனைவி வள்ளியம்மை ஆச்சி. ஆயுத பூசைக்கு முந்தின வாரம் அங்கே ஐஸ் மெஷினுக்குப் புது வால்வு போட்டு, ஐஸ் விழுவதைக் கண்ணால் பார்த்து, ஆச்சி கொடுத்த கும்மாயம் என்ற இனிப்பையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பூசை முடிந்த நாலாம் நாள் கடைக்குப் போன். ஐஸ் விழவில்லை. என் பெயருக்கு நேரே முதல் சிவப்புக் குறி. தவுக்கே அதைப் போடும்போது சாக்கட்டி கீச்சென்று கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. உடனே ஓடினேன். பெட்டிக்கு வெளியே சந்தனம், குங்குமம். உள்ளே ஐஸ் மெஷினில் சிவப்பும் கறுப்பும் முறுக்கிய ஒரு காப்புக் கயிறு, உறைபனி படிந்து, நடுவில் குங்குமப் பொட்டோடு. வருகிற விருந்தாளி எல்லாம் ஐஸ் விழுவதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், கண்ணு பட்டுவிட்டது என்று ஆச்சி கோயிலிலிருந்து வாங்கி வந்து கட்டியிருந்தார்.

"அதுல கை படாமப் பாத்துக்கப்பா. நாப்பத்தெட்டு நாள் அவுக்கக் கூடாதுன்னு குருக்கள் சொல்லியிருக்காரு" என்றார் ஆச்சி. நான் மத்தியானம் மீன் சாப்பிட்டிருந்தேன். போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்படியும் கயிற்றின் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. அதைச் சுற்றிச் சுற்றியே வேலை செய்தேன். வால்வு சரி. தண்ணீர் சரி. குட்டி மோட்டாரின் பல்சக்கரத்தை விரலால் ஒரு திருப்புத் திருப்பினேன். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸைத் தள்ளி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா மெஷினையா என்று தெரியவில்லை.

"சாமி கயிறு இருக்குல்ல, அதான் நீ தொட்டதும் விழுந்துருச்சு."

மூன்று குறி

அடுத்த நாளிலிருந்து விழவில்லை. இரண்டாவது குறி. போய் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், சக்கரத்தை விரலால் திருப்பினேன், ஐஸ் விழுந்தது, வந்தேன். மூன்றாம் நாள் மறுபடி போன், மூன்றாவது குறி. இந்த முறை குட்டி மோட்டாரையே மாற்றினேன். கயிற்றில் கை படாமல் நாலு ஸ்குரூவைக் கழற்றுவது எவ்வளவு சிரமம் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கழுத்தை ஒடித்து, கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழற்றினேன். மாட்டி, சக்கரத்தைத் திருப்பி, ஐஸ் விழுவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கரும்பலகையில் நான் மூன்று, ஆ செங் இரண்டு. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். அவன் எங்காவது ஒரு தப்புச் செய்ய வேண்டும் என்று வேனில் வரும்போது வேண்டிக்கொண்டேன். நல்ல மனிதன் வேண்டிக்கொள்கிற விஷயமில்லை அது, தெரியும்.

ராஜம்மா தினமும் ஆணியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை குறி என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டிருப்பாள். நான் மோட்டார் மாற்றிய அன்று வக்கீலும் வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமை விருந்துக்கு வந்த நண்பர்களுக்குச் சுடச்சுட சோடா கொடுத்த மனிதர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை, களைத்துப்போன குரலில்தான் பேசினார்.

"நீ வந்தா மட்டும் விழுது தம்பி. பேசாம நீ இங்கேயே குடிவந்துடேன்."

ஆ செங் போனான்

நாலாவது போன் வந்தபோது தவுக்கே என்னைப் பார்க்காமல் வேன் சாவியை ஆ செங்கிடம் கொடுத்தார். அவன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். தவுக்கேயிடம், வயர் லூஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். பிறகு என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்து நடந்ததைச் சொன்னான். ஆச்சி கயிற்றைக் கம்பியில் சுற்றி, மேலே இருந்த கொக்கியில் இழுத்துக் கட்டியிருக்கிறார். கம்பி இரண்டு அங்குலம் தூக்கியபடியே நின்றிருக்கிறது. தொட்டி நிறைந்துவிட்டது என்று மெஷின் இரண்டு வாரமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. விரலால் திருப்பினால் கம்பி எங்கே இருந்தாலும் ஒரு சுற்று ஓடத்தான் செய்யும், அதன் பிறகு ஓடாது. இது எனக்குத் தெரியாததா? வாத்தியாருக்கு வகுப்பெடுத்தவன் நான்தானே. ஆ செங் ஆச்சியிடம், இதைக் கைப்பிடியில் கட்டலாமா என்று கேட்டிருக்கிறான். ஆச்சி சரி என்றிருக்கிறார். சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவிழ்த்து, வெளியே கதவுக் கைப்பிடியில் கட்டியிருக்கிறான். அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள், யாரும் விரல் வைக்காமலே ஐஸ் விழுந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அசதியாக இருந்தது. மூன்று முறை அந்தக் கயிற்றிலிருந்து நாலு விரல் தள்ளி என் முகம் இருந்திருக்கிறது. கண் பார்த்தது, மனசு அதைச் சாமி என்று ஒதுக்கி வைத்துவிட்டது. மாவு மூட்டை மேல் உட்கார்ந்தவனைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் தவுக்கே கரும்பலகையைத் துடைத்தார். ஆ செங் ரயில் ஏறினான். ஸ்டேஷனில் அவன் பையை நான்தான் தூக்கி வைத்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ சாமிக்குப் பயந்தான் அண்ணே, நான் தவுக்கேக்குப் பயந்தேன். அவ்ளோதான் லா."

நாற்பத்தெட்டாம் நாள்

தீபாவளி முடிந்து மூன்று நாலு வாரம் கழித்து ஆச்சி என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கடைக்குப் போன் இல்லை. கரும்பலகையும் இப்போது சுவரில் இல்லை, ஆனாலும் என் கண் ஒரு முறை அந்த இடத்துக்குப் போய் வந்தது. போனேன். பெட்டி நன்றாக ஓடியது. தொட்டி நிறைய ஐஸ். அன்றைக்கு மண்டலம் முடிகிறதாம். ஆச்சி கைப்பிடியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, குங்குமத்தோடு ஒரு வெற்றிலையில் வைத்து என்னிடம் நீட்டினார். சீனப் பையன் ரயில் ஏறிய கதையும் கரும்பலகைக் கதையும் வக்கீல் மூலமாக அவர் காதுக்குப் போயிருந்தது.

நான் அந்த வெற்றிலையை வாங்கிக்கொண்டு நின்றேன். நாற்பத்தெட்டு நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொன்ன நீங்கள் ஆ செங்கை மட்டும் எப்படி அவிழ்க்க விட்டீர்கள் என்று கேட்க வாய் வந்தது, வெற்றிலையை மடித்துக்கொண்டேன். ஆச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. என் மேல் அவருக்கு இருந்த பரிதாபத்தைத் தாங்குவதுதான் அந்த வருஷத்திலேயே நான் தூக்கிய பெரிய பாரம். டம்ளரில் அவரே நாலு ஐஸ் துண்டு போட்டு, மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"மூணு தடவ வந்தியேப்பா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்திக் கட்டியிருப்பேனே!"

அந்தக் கயிற்றைக் குப்பையில் போட மனம் வராமல் ராஜம்மா சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். சிங்கப்பூர் போகாமலே, பெயர் தப்பில்லாமல், இந்தத் தொழிலில் நான் வாங்கிய ஒரே சான்றிதழ் அதுதான்.